காந்தம் ஒட்டாதது

முதலில் காந்தம்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றியது, கறுப்பு வட்டம்,
எப்போதும் என் சட்டைப் பைக்குள் கிடக்கும்.
முன் கவையில் சட்டென்று ஒட்டியது.
நடுக் குழாயில் வைத்தேன்,
வழுக்கிச் சீமெந்தில் விழுந்து உருண்டு
ஜெஸீமாவின் காலடியில் நின்றது.
“அலுமினியம் கா,” என்றேன்.
“அப்ப கிலோ என்ன விலை?” என்றாள்.

நீதிமன்ற ஏலத்தில் பதினொரு சைக்கிள் ஒரே குவியல்.
கம்பியில் கட்டிய துண்டில் எழுதியிருந்தது:
துவிச்சக்கரவண்டி, ஒன்று, நிறம் கறுப்பு.
நிறத்தை வைத்து எதற்கும் அடையாளம் சொல்லக் கூடாது.
இது கதவுக்கு அடிக்கிற எனாமல்.
பிரஷ்ஷின் மயிரொன்று
இன்னும் அதற்குள் படுத்துக் கிடக்கிறது.

கொழும்பிலிருந்து துஷான் கேட்கிறான்,
போனில், எழுத்தில், என்னைத் தம்பி என்று நினைத்து:
டிஸ்க் பிரேக் பூட்ட இடம் உண்டா? இல்லை.
பின் கவையின் அகலம்? நூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர்.
மேற்குழாய் சரிவா, மட்டமா?
மட்டம். காற்றில்லாத காலையில் வாவி கிடக்கிற மட்டம்.
(இதை அவனுக்கு எழுதவில்லை.)

மறுகா வெல்டிங்.
மணலை மீனின் செதில் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று, ஒரே கனம்.
ஊதிய கை ஒரு மூட்டிலும் தயங்கவில்லை.
எந்த நாட்டிலோ, எந்த மனிசனோ மனிசியோ,
பசியில்லாத நேரத்தில் ஊதியிருக்க வேண்டும்.

நெற்றியில், பெயர்த்தகடு இருந்த இடத்தில்
இரண்டு துளை, தோடு கழற்றிய காதுகள்.
இடைவெளி நாற்பத்தொரு மில்லிமீற்றர்.
அது அரைவாசிப் பதில் என்கிறான் துஷான்.
மீதி அடிவயிற்றில்.

கவிழ்த்துப் போட்டுத் தின்னரால் துடைத்தேன்.
கறுப்புக்குக் கீழே வெள்ளை,
அலைக்குப் பிறகு வந்தவர்களின் வெள்ளை:
ஜீப்புக்கும் அதுதான், கூடாரத்துக்கும் அதுதான்.
அதில் அச்சுவைத்து அடித்த பதினான்கு.
வெள்ளைக்கும் கீழே
மின்னுகிற செம்மஞ்சள், பிறந்த தோல்.
ஓர் எழுத்து, ஏழு இலக்கம்.
முதல் இலக்கம் மூன்றா, எட்டா?
கொப்பித் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.
மூன்று.
“தொண்ணூற்று மூன்று என்றால் எண்பதாயிரம் தருவேன் தம்பி.
சீற் குழாயின் வாயையும் ஒருக்கால் பார்.”

பார்த்தேன்.
இரும்பு வளைந்து முன்கூட்டியே சொல்லும்.
அலுமினியம் ஒன்றும் சொல்லாது, ஒருநாள் விட்டுவிடும்.
வாயிலிருந்து கீழே நகத்தளவு விரிசல்,
அதன் நுனியில் ஒரு துளை.
பெயின்ற் அடைத்திருந்ததை ஊசியால் குத்தி எடுத்தேன்.
வட்டமில்லை. கொஞ்சம் நீண்டது, வெள்ளரி விதை.

எனக்கு அந்த ட்ரில்லைத் தெரியும்.
அதன் வாய் ஆடும்.
கல்லடியில் பயிற்சிப் பட்டறை, நாங்கள் ஏழு பெண்கள்,
எல்லோருக்கும் அது ஒன்றுதான்.
விரிசலின் நுனியில் துளை போட்டால்
அதற்குமேல் ஓடாது என்று கையேட்டில் ஒரு படம்.
பதினான்குக்குக் கழிவு என்று எழுதியாகிவிட்டது.
சாப்பாட்டு நேரம் பார்த்து நான் துளைத்தேன்.
அன்று பின்னேரம் பாதையைப் பூட்டினார்கள்.
வீடு போய்ச் சேரும் அவதியில்
சைக்கிளும் மறந்தது, துளையும் மறந்தது.

அதற்குப் பிறகு யார் கறுப்பு அடித்தது,
யார் மிதித்தது, எந்த வழக்கில்
பொலிஸ் கொட்டிலுக்கு வந்தது, துண்டில் இல்லை.
வில்லையை வைத்துப் பார்த்தேன்.
துளையைத் தாண்டி விரிசல்
ஒரு மயிரளவும் நகரவில்லை.

“சொல்லாதே கா, மேலால இன்னொருக்கால் கறுப்பை அடி,”
என்றாள் ஜெஸீமா, எண்பதாயிரத்தை நினைத்து.
நான் எழுதினேன்:
ஆண்டு தொண்ணூற்று மூன்று.
விரிசல் உண்டு. நிற்கிறது.

நெடுநேரம் பதிலில்லை.
பிறகு, விலையைப் பற்றி ஒரு சொல்லுமில்லாமல்,
அந்தத் துளையை யார் போட்டது,
இவ்வளவு கோணலாக, சரியான இடத்தில்?

“தம்பிதான்,” என்று தட்டி அனுப்பினேன்.
காந்தத்தைத் தேடினேன்.
அது முன் கவையில்,
தானாகப் போய் ஒட்டிக்கொண்டதுபோல், இருந்தது.